பெரட்டுக்கு ஒரு கண்

பகாவில், டயர்க்கடைக்கு மேல்மாடியில்,
ஒரு கேமராவுக்குக் கண் திறந்துகொண்டிருக்கிறேன்.
சிலைக்கென்றால் பொன்னூசியும் தேனும் வைப்பார்கள்.
எனக்குப் பதினோரு வரிகள்,
பாதியில் நின்றுபோன பில்டு,
ஏடு படிந்த கோப்பி.

முன் கேமராவா, பின் கேமராவா?
பின் என்று எழுதினேன்.
தன் முகத்தைத் தானே பார்த்துக்கொள்ள
காலை ஐந்தேமுக்காலுக்கு
யாரும் பெரட்டுக்கு வருவதில்லை.

பிளாஷ் வேண்டாம்.
விகிதம் நாலுக்கு மூன்று.
தரம் பூஜ்யம் புள்ளி ஆறு,
மூன்றாம் டிவிஷனில் சிக்னல் அவ்வளவுதான்.
ஆட்களை அறுபது விழுக்காடாக அனுப்பினால்
தலைமையகத்துக்குப் போதும்.

சோதனைக்குப் போன அன்று
ஆபீஸ் வாசலில் ஒரே ஒரு டியூப் லைட்டு,
அதைச் சுற்றி ஈசல்.
செம்பனைக்கு நடுவில் இன்னும் இரவு.
மண்டோர் லெச்சுமணன்
கற்பூரத் தட்டை ஏந்துவதுபோல் போனை ஏந்தி நின்றார்.
திரையில் பெட்டி எழுந்தது:
கேமராவை அனுமதிக்கலாமா?
அனுமதி என்று தொட்டார்.
நாற்பத்துமூன்று பேருக்கும் சேர்த்து,
ஒரே விரலால்.
அந்தப் பெட்டி இனி வராது.

முதலில் ரஃபிகுல்.
அவனுக்குப் பின்னால் நின்ற கிராணியின்
வெள்ளைச் சட்டையைப் பார்த்தது கேமரா,
வெளிச்சம் போதும் என்று தானே முடிவுகட்டியது.
முகம் இருந்த இடத்தில்
முகத்தளவு இருட்டு.
'முகம் இல்லை' என்றது திரை.
நான் எழுதிய வாக்கியம்தான்,
ஒரு மத்தியானம், ஏசிக்கு அடியில்.

'அடா' என்றான் ரஃபிகுல்.
மலாயில் அதற்கு 'இருக்கிறேன்' என்று பொருள்.
என் காதில் அது
தமிழாகவே விழுந்தது.

அன்றைக்கே எக்ஸ்போஷரை ஒன்றரைப் படி ஏற்றினேன்.
ஒளியைச் சட்டையில் அளக்காதே, முகத்தில் அள
என்று மூன்று வரி சேர்த்தேன்.
'முகம் இல்லை' என்பதை அழித்து
'வெளிச்சம் இல்லை' என்று வைத்தேன்.
ஒரு சொல்தான் மாறியது.
அதற்கு மட்டும் எந்த நூலகத்திலும்
தயார் நிலையில் எதுவும் கிடைக்கவில்லை.

மறுவாரம் தில் பகதூர் விழுந்தான், ரஃபிகுல் விழுந்தான்,
விழுந்தான் என்றால், படத்தில்.
அடுத்து உரம் போடும் இருசாயி.
'இரு இரு, முண்டாச அவுத்துக்கிறேன்' என்பதற்குள்
கிளிக்.
அவள் கை தலைக்குப் போகும் வழியில் நின்றது.
திரையில் தன்னை எட்டிப் பார்த்தாள்.
'கேக்கவே இல்லையே' என்றாள்,
மண்டோரிடமா, போனிடமா,
ஓரமாக மடிக்கணினியோடு நின்ற என்னிடமா,
தெரியவில்லை.
வாளியை எடுத்துக்கொண்டு லோரி பக்கம் போய்விட்டாள்.

டயர்க்கடையில் யாரோ கம்ப்ரசரைப் போடுகிறார்கள்,
மேசை அதிர்கிறது.
தாமதம் என்றொரு அமைப்பு உண்டு,
பூஜ்யத்தில் கிடந்தது.
மூன்று என்று மாற்றினேன்.
மூன்று, இரண்டு, ஒன்று,
இருட்டிலும் தெரியும்படி பெரிய எண்களில்.
பக்கத்தில் 'வேண்டாம்' என்று ஒரு பொத்தான்.
அதை அழுத்தினால்
மண்டோர் கையால் பேர் எழுதும் பழைய பக்கம் திறக்கும்.

நாற்பத்துமூன்று மூன்று
இரண்டு நிமிடம் ஒன்பது நொடி.
மேனேஜர் கணக்குப் பார்க்காமல் இருப்பாரா?
ஏன் இவ்வளவு மெதுவு என்று கேட்டு எழுதினார்.
'ஒளி நிலைக்க மூன்று நொடி தேவை' என்று பதில் போட்டேன்.
பாதி உண்மை.
மீதிப் பாதியைக் கோடுக்குள்
குறிப்பாகக்கூட எழுதவில்லை.

இன்று காலைப் படங்கள் வந்து இறங்கின.
'வேண்டாம்' பொத்தானை ஒருவரும் தொடவில்லை.
முப்பத்தெட்டாவது, இருசாயி.
முண்டாசு தோளில், முடி படிய வாரி,
நெற்றியில் பொட்டு நேராக.
கண்ணை மட்டும் இறுக்கி மூடியிருந்தாள்.

அதற்கு என்னிடம் அமைப்பு இல்லை.
தேடவும் இல்லை.
5:52, வந்தாள்
என்று பதிந்திருந்தது.